கட்டெறும்பு ராணிக்கு பிரிட்ஜ் வேண்டாம்

"வரப்புத் தட்டைப்பயறுல அசுவினி ஏறிப்போச்சு சார். கட்டெறும்பு சாரை சாரையா போகுது பாருங்க. புற்றுல பொடியைத் தூவிடுங்க" என்றார் பக்கத்து வயல்காரர். திருவையாறு பக்கம், குடமுருட்டி ஆற்றோரம் நம்ம வயல். வங்கியில் இருந்த காலம் முழுக்க, ஆளைப் பற்றி விசாரிக்காமல் கடன் கொடுத்ததில்லை. கொல்வதற்கு முன்பும் விசாரித்துவிடலாமே என்று தோன்றியது. கட்டெறும்பு வளர்க்க ஆரம்பித்தது இப்படித்தான். வீட்டில் சிரித்தார்கள்.

புரட்டாசிக் கடைசியில், மழை விட்ட ஒரு சாயங்காலம், இறக்கை உதிர்ந்த ராணிகள் இரண்டு திண்ணையில் ஓடின. சாதாரணக் கட்டெறும்பைவிட நீளம், வயிறு தடிமன். கலவிப் பறப்பு முடிந்ததும் ராணி தன் இறக்கையைத் தானே உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அந்த மண்ணறைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு கண்ணாடிச் சோதனைக்குழாய் கொடுத்தேன். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அது கசியாதபடி பஞ்சு, பிறகு ராணி, வாயில் மறுபடி பஞ்சு. அவ்வளவுதான். குழாய் மேல் பழுப்புக் காகிதம் சுற்றி இருட்டில் வைக்க வேண்டும்.

தீனி போடக் கூடாது. நம்பக் கஷ்டமாக இருக்கும். பறப்பதற்கு இருந்த தசை இனி அவளுக்குத் தேவையில்லை. அதைக் கரைத்துத்தான் முதல் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறாள். நாம் செய்யக்கூடிய பெரிய தப்பு, தினமும் எடுத்துப் பார்ப்பது. அதிர்ச்சியானால் தன் முட்டையைத் தானே தின்றுவிடுவாள். முதல் வாரம் எனக்கு அதுதான் நடந்தது. பிறகு வாரம் ஒருமுறை என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். புற்றைக் கிளறினால் எறும்பு வாயில் கவ்விக்கொண்டு ஓடும் பெரிய வெள்ளை உருண்டையை நாம் முட்டை என்கிறோம். அது முட்டையில்லை, கூட்டுப்புழு. உண்மையான முட்டை கசகசாவைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. முட்டை, புழு, கூடு எல்லாம் கடந்து முதல் ஐந்து வேலைக்காரிகள் வெளிவர எனக்கு எட்டு வாரமானது. எல்லாம் குட்டை ஆட்கள். முதல் ஈடு அப்படித்தான் இருக்கும். அதன் பிறகுதான் நாட்டுச்சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு, நறுக்கிய வெட்டுக்கிளித் துண்டு ஒன்று.

அப்புறம் மார்கழி வந்தது. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய முறையைப் படித்திருந்தேன். அங்கே இதே பேரினத்துக்குத் 'தச்சர் எறும்பு' என்று பெயர், மரத்தைக் குடைந்து குடியிருப்பதால். நம்முடையது மண்ணில், மரத்தடியில் வளை தோண்டும். அவர்கள் குளிர்காலத்தில் மூன்று நான்கு மாதம் கூட்டைக் குளிர்ப்பெட்டியில் தூங்க வைக்கிறார்கள். நானும் ஒரு குழாயை பிரிட்ஜில் வைத்தேன். பத்தாம் நாள் ராணியும் பிள்ளைகளும் செத்துக் கிடந்தார்கள். அந்த ஊர் எறும்பு இலையுதிர் காலத்திலேயே முட்டையை நிறுத்தி, கொழுப்பைச் சேர்த்து, மெல்ல மெல்லத் தயாராகிறது. தஞ்சாவூரில் ஜனவரி இரவே சுமார் 20 டிகிரிதான். நம்ம ராணிக்கு அந்தத் தூக்கம் தெரியவே தெரியாது.

இன்னொரு குழாயை வீட்டுக்காரம்மா சமையலறைப் பரணில் வைத்திருந்தார். மார்கழி, தையில் முட்டை குறைந்தது, புழு மெதுவாக வளர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. மாசி வெயில் வந்ததும் முட்டை குவியலாக வந்தது. அந்தக் குடும்பம்தான் இன்றும் இருக்கிறது.

முட்டையிடும் ராணிக்கு இரவு பகல் கிடையாது என்பதும் சுவையான சேதி. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தார் நம்ம கட்டெறும்பையே வைத்துப் பார்த்து 2004-ல் எழுதினார்கள். கன்னி ராணியின் நடமாட்டம் கடிகாரம் போல் இருக்கிறது. இணைந்து முட்டையிடத் தொடங்கியதும் அந்தத் தாளம் போய்விடுகிறது. கைக்குழந்தைக்காரியிடம் மணி கேட்பது போலத்தான்!

இன்னொன்று: இந்தப் பேரினத்தின் குடலோரச் செல்களில் பிளாக்மானியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. கழிவு யூரியாவின் நைட்ரஜனைப் பிடித்து எறும்புக்கு அமினோ அமிலமாக்கித் தருகிறது. உளுந்து வேர்முடிச்சு காற்றிலிருந்து எடுக்கிறது, இது கழிவிலிருந்து எடுக்கிறது. தாய் அதை முட்டை வழியாகவே பிள்ளைக்குக் கொடுக்கிறாள்.

சரி, அசுவினிக்கு வருவோம். வீட்டில் பார்த்ததில் ஒன்று புரிந்தது. பூச்சித்துண்டு புழுவுக்குப் போகிறது. வேலைக்காரி தனக்கென்று தேடுவது இனிப்பு. வயலில் அந்த இனிப்பு அசுவினியின் தேன்கழிவில் கிடைக்கிறது. அதற்காகத்தான் காவல் நின்று பொறிவண்டையும் அதன் புழுவையும் விரட்டுகிறது. அப்படியானால் இனிப்பை வேறு இடத்தில் கொடுத்தால்? இத்தாலித் திராட்சைத் தோட்டங்களில் சர்க்கரைத் தண்ணீர் வைத்து, மாவுப்பூச்சியிடமிருந்து எறும்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

போன தையில் நானும் செய்தேன். கொட்டாங்குச்சியில் பஞ்சு வைத்து, நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு நாட்டுச்சர்க்கரை கரைத்து ஊற்றி, புற்றுக்கும் பயறுக்கும் நடுவே வைத்தேன். செடியில் வைத்தால் பிரயோஜனமில்லை, புற்றுப் பக்கம் இருக்க வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் புளித்துவிடும், எறும்பு திரும்பிப் பார்க்காது. நாலாம் நாள் செடியில் ஏறும் சாரை பாதிக்கு மேல் குறைந்தது. பத்தாம் நாள் பொறிவண்டுப் புழு அசுவினி நடுவே உட்கார்ந்திருந்தது. வரப்பின் கிழக்கு ஓரத்தில் கொட்டாங்குச்சி வைக்காமல் விட்ட இரண்டு பாத்தியில் காய் சுருண்டுதான் போனது, மறைப்பதற்கில்லை. பக்கத்து வயல்காரர் வந்து பார்த்தார். இந்தப் பட்டத்துக்கு அவர் வரப்பிலும் ஆறு கொட்டாங்குச்சி வைக்கப் போகிறார். சர்க்கரை மட்டும் நான் தர வேண்டுமாம்.