மெட்டல் ஆல்பம் ரெக்கார்டிங் பண்ணப் போறீங்களா?

செமஸ்டர் லீவு. கெங்கவல்லியில் ஒரு நண்பன் வீட்டு மாடி அறை. நாலு பேர், பத்து நாள், எட்டுப் பாட்டு. இதுதான் எங்க பிளான். பத்தாவது நாள் கையில் இருந்தது ஒன்றரைப் பாட்டு. ட்ரம்மரும் கிட்டாரிஸ்ட்டும் பேசிக்கிறதே இல்லை. உங்களுக்கும் அப்படி ஆகக்கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

மெட்டலில் ஏன் இவ்வளவு டென்ஷன்? ஒரே ரிஃப்பை ரெண்டு தடவை தனித்தனியா வாசித்து, ஒன்றை இடது ஸ்பீக்கரிலும் மற்றதை வலதிலும் வைப்பார்கள். அப்போதுதான் அந்த கனமான சத்தம் வரும். ரெண்டும் கொஞ்சம் விலகினாலும் குழப்பமாகக் கேட்கும். அதனால் ஒரு ரிஃப்புக்கே முப்பது டேக் போகும்.

எங்க கிட்டாரிஸ்ட் ரெண்டு நாளா தாளம் தப்பிக்கிட்டே இருந்தான். எல்லாரும் சேர்ந்து திட்டினோம். மூணாவது நாள்தான் சாஃப்ட்வேர் செட்டிங்ஸைப் பார்த்தோம். பஃபர் அளவு 1024 சாம்பிள்.

கணக்கு போட்டுப் பாருங்க. வினாடிக்கு 44,100 சாம்பிள் என்றால், 1024 சாம்பிளுக்கு சுமார் 23 மில்லி செகண்ட். ஒலி உள்ளே போக ஒரு தடவை, வெளியே வர ஒரு தடவை; மொத்தம் 46. 180 பிபிஎம் வேகத்தில் ஒரு பதினாறாம் நோட் 83 மில்லி செகண்ட்தான். அதில் பாதிக்கு மேல் லேட்டாக அவன் வாசிப்பு அவன் காதில் விழுந்திருக்கு. கை தடுமாறாமல் என்ன செய்யும்? 128க்கு மாத்தினோம், சரியாயிடுச்சு. வாசிக்கும்போது பஃபரைக் குறைச்சு வையுங்க. மிக்ஸ் பண்ணும்போது கூட்டிக்கலாம், கம்ப்யூட்டருக்கும் சுமை குறையும்.

கருவியை ஆளுக்கு ஏற்றபடி மாத்துறதுக்குப் பெரிய உதாரணம் டோனி அயோமி. 17 வயதில், பர்மிங்காமில் தகடு தொழிற்சாலை வேலையில் வலது கையின் ரெண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டியதே அந்தக் கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், மெல்லிய கம்பி போட்டார். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தை 1969இல் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் பல பாடல்களுக்கு கிட்டாரை மூணு செமிடோன் இறக்கினார்கள். கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். மூணு செமிடோன் இறக்கினால் இழுவிசை சுமார் 29% குறையும். விரலுக்கும் எளிது, சத்தமும் கனம். மெட்டலின் அடையாளமே அந்த கனம்தான்.

காசும் ஸ்டுடியோவும் இருந்தால் டென்ஷன் இருக்காதா? மெட்டாலிக்கா 1991இல் வெளியிட்ட கறுப்பு அட்டை ஆல்பத்தைப் பாருங்க. 1990 அக்டோபரில் தொடங்கி எட்டு மாதத்துக்கு மேல் வேலை. செலவு சுமார் பத்து லட்சம் டாலர். தயாரிப்பாளர் பாப் ராக்குடன் ஓயாத வாக்குவாதம், மூணு தடவை மிக்ஸ். அந்தக் காலத்தில் குழுவில் மூணு பேரின் திருமணம் முறிந்தது. ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது, உண்மைதான்.

நம்ம ஆட்கள் கதையும் இருக்கு. சிங்கப்பூர் தமிழர்கள் தொடங்கிய ‘ருத்ரா’, டெத் மெட்டலில் சமஸ்கிருத சுலோகங்களைச் சேர்த்த குழு. தொடங்கியது 1992, முதல் ஆல்பம் 1998. அவர்களுடைய ‘பிரம்மவித்யா’ வரிசையின் மூணு ஆல்பங்களும் 2005இல் தொடங்கி 2011இல்தான் முடிந்தன. குழு நிலைத்தால் ஆல்பம் என்றாவது வரும்.

நீங்க செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு ரிஃப்புக்கு இத்தனை டேக்தான் என்று முன்பே முடிவு செய்யுங்க. ஒவ்வொரு டேக்குக்கும் சேவ் பண்ணுங்க, கரன்ட் சொல்லிட்டுப் போகாது. ராத்திரி இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுங்க. யாராவது தப்பு பண்ணினால் முதலில் செட்டிங்ஸைப் பாருங்க, அப்புறம் ஆளைப் பாருங்க.

நாங்க பஃபரை மாத்தின அன்னைக்கே அவன்கிட்ட ஸாரி கேட்டிருக்கணும். ட்ரம்மர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மீதி ஆறரைப் பாட்டு இன்னும் அப்படியேதான் கிடக்கு.