தகரக் கொட்டகையும் நீர்த்துளியும்

மாணவர்களே! மார்கழி மாதத்து வைகறையில் தகரக் கூரை வேய்ந்த கொட்டகையினுள் நீங்கள் எப்போதேனும் நுழைந்ததுண்டா? வானத்தில் மழைமேகம் இராது. கூரையில் ஓட்டையும் இராது. ஆயினும், தகட்டின் அடிப்புறத்தில் நீர் முத்துமுத்தாய் அரும்பி நிற்கும். கீழே அடுக்கிய மூட்டைகளின்மேல் சொட்டும். விதைநெல் பூசணம் பூக்கும், கருவிகள் துருவேறும். கூரை ஒழுகுகின்றதென எண்ணி, அதன்மேல் வீணே தார் பூசுவாரும் உளர். அந்நீர் வெளியிலிருந்து வந்ததன்று. உள்ளிருந்த காற்றே ஈன்றது.

அஃது எவ்வாறு? காற்றில் நீராவி எப்போதும் கலந்துள்ளது. காற்று ஏற்கும் நீராவிக்கு ஓர் எல்லையுண்டு. குளிரக் குளிர அவ்வெல்லையும் குறுகும். 20 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9 கிராம் அளவே தாங்கும். மிகுந்தது நீராகும். அவ்வாறு நீராகத் தொடங்கும் வெப்பநிலையைப் 'பனிநிலை' என்பர். தெளிந்த இரவில், தகடு தன் வெப்பத்தை வானை நோக்கி வீசிச் சுற்றியுள்ள காற்றினும் மிகுதியாகக் குளிர்கின்றது. பனிநிலைக்குக் கீழே அது இறங்கியதும் துளிகள் தோன்றுகின்றன.

தகட்டின் அடியில் கண்ணாடிப் பஞ்சைப் பரப்பினால் இத்தொல்லை தீருமன்றோ எனக் கேட்பீர்கள். எஃகு, அப்பஞ்சினும் ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவது. ஆதலின் பஞ்சு வேண்டுவதே. ஆனால் அது மட்டும் போதாது. பஞ்சு வெப்பத்தைத் தடுக்குமேயன்றி, நீராவியைத் தடுக்காது. ஈரக்காற்று இழைகளினூடே புகுந்து, குளிர்ந்த தகட்டை அடைந்து நீராகும். முன்பு கண்ணுக்குத் தெரிந்த ஈரம், இப்போது பஞ்சினுள் மறைந்து நிற்கும். இழைகளிடையே அடைபட்ட காற்றே காப்பாவது. அவ்விடத்தை நீர் கைக்கொண்டால் காப்புக் கெடும். தகடும் மறைவிலேயே துருப்பிடித்து அரியும்.

ஆகவே, செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, ஈரத்தை அதன் பிறப்பிடத்திலேயே குறைத்தல். மண்தரையின்மேல் பாலித்தீன் தாள் விரித்துக் கற்காரை இடுக. நெல்லை நன்கு உலர்த்தியபின் அடுக்குக. மண்ணெண்ணெய் அடுப்பை உள்ளே எரிக்கற்க. ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாய் வெளிப்படும். இரண்டாவது, பஞ்சின் வெப்பமான பக்கத்தில், நீராவி புகாத தாளை இடைவெளியின்றி ஒட்டுதல். குளிர்நாட்டிலும் மலைநாட்டிலும் அஃது உட்பக்கமாகும். கடற்கரை நகரத்துக் குளிர்பதனக் கிடங்கிலோ வெளிப்பக்கமாகும். இடம் மாறின் பயனும் மாறும். மூன்றாவது, பஞ்சுக்கும் தகட்டுக்கும் இடையே சிறிது வெளி விட்டு, இறவாரத்திலும் முகட்டிலும் திறப்பு வைத்தல். உட்புகும் காற்று எஞ்சிய ஈரத்தை வாரிச் செல்லும்.

முதல் உலகப் போரின்போது, 1916ஆம் ஆண்டில், பீட்டர் நார்மன் நிசன் என்னும் பொறியாளர் படைவீரர்க்காக அரைவட்ட வடிவில் நெளிதகட்டுக் குடில் அமைத்தார். வெளியே தகடு, உள்ளே மரப்பலகை, இடையே காற்று என்பதே அதன் அமைப்பு. வெறுந்தகடு மனிதர்க்கு உறைவிடமாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நோயின் முதலை நாடாது மேற்பூச்சுப் பூசுதல் பயன் தராது. துளி எங்கிருந்து வந்தது என ஆராய்ந்தவனே கூரையையும் காப்பான். கூரையின்கீழ் உள்ள விதையையும் காப்பான்.