மருத்துவர் டப்பரின் அரசியல் வாழ்வு

மருத்துவத்தின் கூறுகள் நான்கென எண்ணிய திருவள்ளுவனார், மருத்துவனுக்கும் மருந்துக்கும் முன்னே நோயுற்றவனை வைத்தார். அவன் உடன்படாவிடத்து நன்மருந்தும் பயன்படாதன்றோ? அரசியலுக்கும் இஃது ஒக்கும் என்பதற்குக் கனடா நாட்டுச் சார்லஸ் டப்பர் என்பாரின் வரலாறு தக்க சான்றாகும்.

டப்பர், அந்நாளில் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாயிருந்த நோவா ஸ்கோஷியாவில் 1821-ஆம் ஆண்டு பிறந்தார். இவர்தம் தந்தையார் பாப்டிஸ்டு சபைக் குரு. 1843-இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்று மீண்டு, தம் ஊராகிய ஆம்ஹர்ஸ்டில் தொழில் நடத்தினார். 1855-ஆம் ஆண்டுத் தேர்தலிற் பெரும்புகழ் வாய்ந்த ஜோசப் ஹௌ என்பாரை வென்று சட்டசபை புகுந்தார்; 1864-இல் முதலமைச்சரானார்.

அக்காலத்து அந்நாட்டில் எளியோர் மக்கள் பலர் கல்வியின்றி வாடினர். டப்பர் 1864-இல் இலவசப் பள்ளிச் சட்டத்தை இயற்றினார். மறு ஆண்டிற் பள்ளிகளின் பொருட்டுக் கட்டாய வரியும் விதித்தார். எதிர்ப்பு மிகுந்தது, அவர் அசைந்திலர். மருந்து கசப்பினும், அதன் பயனை ஒவ்வோர் ஊரும் தன் பள்ளியிலே கண்டது. ஆதலின் அவருக்குப்பின் ஆட்சியேற்ற எதிர்க்கட்சியினரும் அச்சட்டத்தை அகற்றினாரல்லர்.

நிற்க. வட அமெரிக்கக் குடியேற்ற நாடுகளைக் கனடா என ஒன்றுபடுத்தும் முயற்சியிலும் அவர் முன்னின்றார். ஆயின், பொதுத்தேர்தல் நடத்தி மக்கள் கருத்தை அறியாமலே, 1866-இற் சட்டசபையின் இசைவை மட்டும் பெற்றார். 1867 ஜூலை முதல் நாள் கனடா பிறந்தது. செப்டம்பரில் மக்கள் விடையிறுத்தனர்: மாகாணச் சபையின் 38 இடங்களில் 36-ம், கனடா நாட்டுச் சபைக்குரிய 19 இடங்களில் 18-ம் இணைப்பை எதிர்த்தோர் பெற்றனர். எஞ்சிய ஓரிடத்தில் வென்றவர் டப்பர் ஒருவரே!

பிணக்குத் தணிந்தது வற்புறுத்தலாலன்று. 1868-இல் டப்பர் இலண்டன் சென்று, ஆங்கு இணைப்பை நீக்குமாறு முறையிட்டுக்கொண்டிருந்த ஹௌவிடமே பேசினார். மாகாணத்துக்குரிய மானியம் உயர்த்தப்பட்டபின், 1869-இல் ஹௌவும் கனடா அமைச்சரவையிற் சேர்ந்தார்.

டப்பர் 1867-இற் கனடா மருத்துவச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1896-இற் சில வாரங்களே பிரதம அமைச்சராயிருந்தார். 1915-இல் இயற்கை எய்தினார். அவர் கண்ட இணைப்பு இன்றும் நிலைத்துள்ளது. எனினும் விளைவு நன்றாயினமை, கேளாது செய்த குறையை மறைக்குமாறில்லை. பள்ளிவரியைக் கசப்பென்று மறுத்த மக்கள் பயன் கண்டு ஏற்றனர். இணைப்பிலோ, பயன் காணுமுன்னே தம்மைக் கேளாமையாற் புண்பட்டனர். நாட்டுக்கு நலஞ்செய்யப் புகுவோர் மருந்தை அறிதலோடு, மக்கள் மனத்தையும் அறிந்து அவர்தம் இசைவைப் பெறுதல் கடனாகும்.