ஸ்டேபிள்காயின் அனுப்பத் தனி நெட்வொர்க் ஏன்?

இன்டர்நெட் செய்திகளில் 'ஸ்டேபிள்காயின்' என்ற பெயர் இப்போது அடிக்கடி வருகிறது. "இதை வைத்துக் கடையில் பொருள் வாங்க முடியுமா?" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள். சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எளிமையாக விளக்குகிறேன்.

ஸ்டேபிள்காயின் என்றால் என்ன?

ஒரே கணக்குப் புத்தகத்தின் நகல் பல கம்ப்யூட்டர்களில் இருப்பதுதான் பிளாக்செயின். பதிவுகள் கட்டுக் கட்டாகச் சேரும். ஒவ்வொரு கட்டும் முந்தைய கட்டுடன் பிணைந்திருக்கும். எனவே பழைய கணக்கை ரகசியமாகத் திருத்துவது மிகக் கடினம்.

பிட்காயினின் விலை ஏறி இறங்கும். ஸ்டேபிள்காயின் அப்படியல்ல, ஒரு காயின் ஒரு டாலர் என்பதே நோக்கம். அதற்கு ஈடாக வெளியிடும் நிறுவனம் ரொக்கம், அரசுக் கடன் பத்திரம் போன்றவற்றை வைத்திருக்கும். 2014-ல் வந்த யு.எஸ்.டி.டி., 2018-ல் வந்த யு.எஸ்.டி.சி. இரண்டும் பிரபலமானவை.

சிக்கல் எங்கே?

உங்கள் பையில் நூறு ரூபாய் இருக்கிறது. ஆனால் பஸ் கண்டக்டர், "ரூபாய் செல்லாது, எங்கள் டோக்கன் வாங்கி வாருங்கள்" என்கிறார். எப்படி இருக்கும்? எத்தீரியம் நெட்வொர்க்கில் இதுதான் நடக்கிறது. யு.எஸ்.டி.டி. அனுப்ப, வழக்கமாக ஈதர் என்ற வேறு காயினில் கட்டணம் கட்ட வேண்டும். டிரான் நெட்வொர்க்கில் டி.ஆர்.எக்ஸ். வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் இருக்கும் டாலர் காயினை நகர்த்த முடியாது.

கட்டணமும் நெரிசலைப் பொறுத்தது. 2021-ல் நெரிசலான நாட்களில் எத்தீரியத்தில் ஒரு முறை அனுப்பப் பத்து, இருபது டாலர்கூட ஆனது. இரண்டு டாலர் காபிக்கு இது கட்டுப்படியாகுமா?

புதிய நெட்வொர்க்குகள்

2020-ல் தொடங்கிய செலோ, கட்டணத்தையே ஸ்டேபிள்காயினில் கட்ட வழி செய்தது. 2025 செப்டம்பரில் தொடங்கிய பிளாஸ்மா, சாதாரண யு.எஸ்.டி.டி. பரிமாற்றத்தைக் கட்டணமின்றித் தருவதாக அறிவித்தது. யு.எஸ்.டி.சி.யை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம், அதே காயினில் கட்டணம் வாங்கும் ஆர்க் நெட்வொர்க்கை 2025-ல் அறிவித்தது. ஸ்ட்ரைப் நிறுவனமும் பாரடைமும் சேர்ந்து அதே ஆண்டு டெம்போவை அறிவித்தன.

இவற்றின் இன்னொரு நோக்கம் வேகம். பிட்காயினில் ஒரு கட்டு சேரவே சராசரியாகப் பத்து நிமிடம் ஆகும். கடைக்காரர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். கணக்கைச் சரிபார்க்கும் கம்ப்யூட்டர்களைக் குறைவாக வைத்தால் வேகம் கூட்டுவது எளிது. ஆனால் அந்தச் சிலரை நாம் நம்ப வேண்டியிருக்கும்.

கவனிக்க வேண்டியவை

1. நெட்வொர்க் மாறினாலும் முகவரி ஒரே மாதிரி இருக்கலாம். பெறுபவர் எந்த நெட்வொர்க்கில் வாங்குகிறார் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். போன பணத்தை வங்கி போலத் திருப்பித் தர யாரும் இல்லை.

2. வாலெட்டின் 12 அல்லது 24 ரகசியச் சொற்களைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். யாருக்கும் சொல்லாதீர்கள்.

3. 'ஸ்டேபிள்' என்ற பெயர் உத்தரவாதம் அல்ல. டெரா யு.எஸ்.டி. 2022 மே மாதம் சரிந்தது. யு.எஸ்.டி.சி.கூட 2023 மார்ச்சில் சில நாட்கள் ஒரு டாலருக்குக் கீழே போய் மீண்டது.

கட்டணம் குறைந்தால் அனுப்புவது எளிதாகும். தவறாக அனுப்புவதும் அதே அளவு எளிதாகும். முதலில் ஒரு டாலர் அனுப்பி, அது சேர்ந்த பிறகு மீதியை அனுப்புங்கள்.