சர்க்கரை நோய்க்கு ஒரு பராமரிப்பு அட்டவணை

இந்தியாவில் சர்க்கரை நோய் மிகுந்த இடங்கள் எவை என்று பார்த்தால், முதலில் கோவா, பிறகு புதுச்சேரி, அதற்கு அடுத்தபடி நாம் பிழைக்க வந்த கேரளம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு சென்னை ஆய்வாளர்கள் நாடு முழுவதும் நடத்தி 2023-ல் வெளியிட்ட கணக்கு இது. கேரளத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 25.5 பேர், தமிழ்நாட்டில் 14.4 பேர். நம் சங்கக் கூட்டத்தில் நான்கு நாற்காலி போட்டால் ஒன்று சர்க்கரை நோயாளிக்கு என்று வைத்துக்கொள்ளலாம். சென்ற ஆண்டு அந்த நாற்காலி எனக்கு வந்து சேர்ந்தது.

கண்புரை அறுவைக்கு முன் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. வெறும் வயிற்றில் 168. ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனையில் 8.1. தாகம் இல்லை, இரவில் எழுந்திருக்கும் தொல்லை இல்லை, எடை குறையவில்லை. டாக்டர் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி எல்லோரும் கேட்பதுதான்: "இது எப்போது குணமாகும்?" அவர் சிரித்துவிட்டு, "நீங்கள் ரயில்வேயில் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்றார். இருப்புப் பாதைப் பராமரிப்பு என்றேன். "அப்படியானால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை" என்றார்.

உண்மைதான். தண்டவாளத்தை யாரும் ஒரேயடியாகக் குணப்படுத்திவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. கீமேன் தினமும் சுத்தியலும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு தன் பகுதி முழுவதும் நடந்து பார்க்கிறார். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ட்ராக் ரெக்கார்டிங் கார் ஓடுகிறது. குறை இருந்தால் வேகத்தைக் குறைத்துக் காஷன் ஆர்டர் கொடுத்து வண்டியை விடுகிறோம். வண்டி நிற்பதில்லை. சர்க்கரையோடு வாழ்வதும் இதே வேலை. ஒரே வித்தியாசம், ரயில்வேயில் அட்டவணையை அலுவலகம் அனுப்பும். ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனைக்கு மெமோ வரும். ஓய்வு பெற்றவனுக்கு மெமோ அனுப்ப யாருமில்லை. அவனே எழுதிக்கொள்ள வேண்டும். நான் எழுதிக்கொண்டதை இங்கே தருகிறேன்.

முதலில் அளவைப் பற்றி. "எறும்பு மொய்க்கவில்லை, எனக்குச் சர்க்கரை இல்லை" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மதுமேகம் என்று நம் முன்னோர் பெயர் வைத்ததும் அந்த இனிப்பைக் கண்டுதான். முன்பெல்லாம் சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கி, நீலம், பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று பார்ப்பார்கள். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடுகிறது. வெறும் வயிற்றில் 126 வந்தாலே நோய் என்கிறது இன்றைய இலக்கணம். எறும்பு வருவதற்கு வெகு முன்பே பாதை கெட ஆரம்பித்துவிடுகிறது என்று பொருள்.

விரல் நுனியில் குத்திப் பார்ப்பது ஓர் இடத்தில் கேஜ் வைத்து அளப்பது போல. அந்த நேரத்து நிலை மட்டுமே தெரியும். ஹெச்பிஏ1சி என்பது ரெக்கார்டிங் கார். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கிறது; அதில் ஒட்டிய சர்க்கரையை அளந்தால் இரண்டு மூன்று மாத சராசரி தெரிந்துவிடும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது. 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நோய். நோய் வந்தவர்களில் பலருக்கும் 7-க்குக் கீழே வைத்திருப்பது குறிக்கோள். வயதும் மற்ற வியாதிகளும் பார்த்து டாக்டர் இதைத் தளர்த்தலாம்.

இனி ஆகாரம். வீட்டில் பெரிய கலவரம் இதில்தான். "என்னங்க, அரிசியே கூடாதுன்னா நான் என்னத்த வைக்க?" என்று என் மனைவி இரண்டு நாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தென்காசிப் பக்கத்துக்காரிக்குச் சொதியும் சோறும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டை அரிசிக்கு மாறினால் போதும், சர்க்கரை ஏறாது என்றார். மட்டையில் தவிடு கொஞ்சம் மிஞ்சியிருப்பதால் நார்ச்சத்து கூடுதல். மற்றபடி மாவுச்சத்து ஏறக்குறைய அதேதான். நிறம் சிவப்பு என்பதற்காக இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும். கஞ்சியாகக் குழைத்தால் இன்னும் சீக்கிரம் ஏறும். கப்பைக் கிழங்கும் மாவுதான்.

நான் விவாதத்தை விட்டுவிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து அளந்து எழுதினேன். நான்கு இட்லி, சட்னி: 231. இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், ஒரு கிண்ணம் சுண்டல்: 168. புட்டும் நேந்திரம் பழமும்: 248. பாதிப் புட்டு, மீதிக்குக் கடலைக் கறி: 176. இவை என் உடம்பின் எண்கள். உங்கள் உடம்பு வேறு கணக்குச் சொல்லும். அளந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டு மணி நேரத்தில் 180-க்குள் நின்றால் அந்த ஆகாரம் எனக்கு ஆகும் என்று வைத்திருக்கிறேன். இன்னொன்றும் கண்டேன். தோரனையும் அவியலையும் பருப்பையும் முதலில் தின்றுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால், அதே சோறு குறைவாக ஏற்றுகிறது. ஓண விருந்தில் இதைச் செய்து பார்த்தேன். பரிமாறுகிறவர்தான் சோறு எப்போது போடுவது என்று திகைத்துப் போனார். பாலடைப் பிரதமன் இரண்டு ஸ்பூன். திருநெல்வேலி அல்வாவைப் பற்றி இங்கே எழுதாமலிருப்பது நலம்.

நடைக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மழை வந்ததும் நின்றுவிடும். ரத்தத்திலுள்ள சர்க்கரை தசைக்குள் போக இன்சுலின் என்ற கேட்மேன் கதவைத் திறக்க வேண்டும். நம் நோயில் கேட்மேன் கூப்பிட்டாலும் கதவு சரியாகத் திறப்பதில்லை. ஆனால் தசை வேலை செய்யும்போது கேட்மேன் இல்லாமலே சில கதவுகள் திறக்கின்றன. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலும் பலன் தெரிவது இதனால்தான். காலையில் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் பக்கம் நடக்கிறேன். ஜூனில் மழை பிடித்தால் வீட்டுக்குள்ளேயே, கூடத்திலிருந்து சமையலறைக்கும் திரும்பவும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது கணக்கு.

அடுத்தது பாதம். இதை எல்லோரும் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது முடியாது. என்னோடு வேலை பார்த்த ஒரு கீமேன், முப்பது ஆண்டு ஜல்லிக் கல்லின்மேல் நடந்தவர். ஓய்வு பெற்ற பின் செருப்புக் கடித்த கொப்புளம் ஒன்று. வலி தெரியவில்லை. சர்க்கரை நரம்பை மரக்கச் செய்திருந்தது. காலுறையில் கறை கண்டபோது நாளாகிவிட்டது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். அவரைப் பார்க்கப் போனபோது, "லைனில் ஒரு போல்ட் தளர்ந்தாலும் கண்டுபிடிப்பேனே சார்" என்றார். என்னால் பதில் பேச முடியவில்லை.

வலி என்பது சிக்னல். அது அணைந்துவிட்டால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். இரவு படுக்கும் முன் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். குனிய முடியாத நாளில் மனைவி பார்க்கிறாள். நம் ஊரில் மழைத் தண்ணீர் தெருவில் நின்றால் அதில் நடந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். வறண்ட குதிகாலுக்கு எண்ணெய் போடலாம், இடுக்கில் கூடாது. கோயிலில் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் சித்திரை வெயிலில் நண்பகல் பிரகாரம் சுற்ற வேண்டாம், காலையில் போங்கள். கல் சுடுவது தெரியாமலே கால் வெந்துபோன கதைகள் உண்டு. ஆண்டுக்கொரு முறை டாக்டர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்ப்பார். கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். கண்ணின் விழித்திரையையும், சிறுநீரில் அல்புமினையும் அப்படியே ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். நம் வகை நோயில், கண்டுபிடித்த அன்றே கண் பரிசோதனை தேவை.

மருந்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. டாக்டர் எம்.விஸ்வநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-ல் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய காலத்தில் இன்றிருக்கும் மாத்திரைகள் இல்லை. "இங்கிலீஷ் மருந்து வேண்டாம், மூலிகை போதும்" என்பவர்களுக்கு ஒரு தகவல்: மெட்ஃபார்மினின் மூலம் ஐரோப்பாவில் விளையும் ஒரு செடிதான், பிரான்சில் 1957-ல் வழக்கத்துக்கு வந்தது. நெடுநாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், சைவக்காரர்கள் கவனிக்க வேண்டும். பாகற்காய் சாப்பிடுங்கள், ருசிக்காக. மாத்திரையை நிறுத்திவிட்டு அல்ல.

எனக்குக் கொடுத்திருக்கும் இரண்டாவது மாத்திரை, கிளிமிபிரைடு, சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கவும் கூடியது. ஏகாதசி, சஷ்டி என்று பட்டினி இருப்பவர்கள் முந்தைய வாரமே டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். இதற்காகவே காலை நடைக்குப் போகையில் சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்கிற மனுஷர் சட்டைப் பையில் சர்க்கரையோடு போகிறாரே என்று என் மனைவிக்குத் தினமும் சிரிப்பு.