இருதய வடிவ இலையும் அச்வத்த விருக்ஷமும்

உத்ஸவத்திற்கு அம்பத்தூர் வரும் பாகவதர்கள் வீதியோரங்களில் இருதய வடிவ இலைகளையுடைய இரு மரங்களைக் காணலாம். ஒன்று அரசு, மற்றொன்று பூவரசு. பெயரும் இலையும் ஒத்திருப்பதால் இவை ஓரினமென்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. பூவரசு, பருத்திக்கும் செம்பருத்திக்கும் உறவு. மஞ்சளாக மலரும் அதன் புஷ்பம் மாலையில் சிவந்து வாடும். சிறார் பீப்பீ செய்து ஊதுவது அதன் இலையில்தான்.

அரசோ ஆலும் அத்தியும் பிறந்த குலம். ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்தில் நியக்ரோத, உதும்பர, அச்வத்த என்னும் திருநாமங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வ்யாக்யான கர்த்தாக்கள் இவற்றிற்கு வேறு அர்த்தங்களும் அருளிச்செய்துள்ளனர். மரப்பெயராகக் கொண்டால் முறையே ஆல், அத்தி, அரசு. தாவர நூலாரும் இம்மூன்றையும் ஒரே இனத்தில் வைத்திருப்பது ரஸிக்கத்தக்கது.

கீதையின் 10-ஆம் அத்யாயத்தில் மரங்களுள் தான் அச்வத்தம் என்கிறான் கண்ணன். அவன் தன்னடிச்சோதிக்கு எழுந்தருளுமுன் அமர்ந்ததும் அரசினடியில் என்று ஸ்ரீமத் பாகவதம் கூறும். அமரகோசம் இம்மரத்திற்குச் 'சலதலம்', அசையும் இலையுடையது, என்று ஒரு பெயர் தருகிறது. காம்பு நீண்டு மெலிந்திருப்பதால், மற்ற மரங்கள் அசையாதிருக்கும்போதும் இதன் இலை சலசலக்கும். நுனி வால்போல் நீண்டிருந்தால் அரசு. குறுகி முடிந்தால் பூவரசு. 'குஞ்சராசனம்', யானையின் உணவு, என்பது மற்றொரு பெயர். யானை கட்டியுள்ள கோயில்களில் இதற்கு விளக்கம் வேண்டா!

இத்தனை பெருமையுடைய மரமே திருக்கோயிலுக்குப் பெரும் அபாயமாகவும் முடிகிறது. பழத்தை உண்ட பறவைகளின் எச்சத்தால் விதை விமானத்தின் வெடிப்பிலும் கோபுர இடுக்கிலும் விழுந்து முளைக்கிறது. அநுராதபுரத்தில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் நட்ட அரசு இன்றும் தழைத்திருக்கிறது. அத்தகைய ஆயுளுடையது கோபுரத்தில் வேரூன்றினால் கல் பொறுக்குமா? வேர் பருக்கப் பருக்கக் கற்கள் விலகும், மழைநீர் உட்புகும்.

"அரசைப் பிடுங்குவது பாபமல்லவா, ஸ்வாமி?" என்று பக்தர்கள் கேட்பதுண்டு. எம்பெருமானின் விமானம் பிளக்கப் பார்த்திருப்பதே அபசாரம் என்பது அடியேனது துணிபு. ஈரிலைப் பருவத்திலேயே வேருடன் எடுத்து, அவ்விடத்தைச் சுண்ணச்சாந்தால் அடைத்தல் வேண்டும். தலையை மட்டும் கிள்ளினால் மீண்டும் துளிர்க்கும். முற்றிவிட்டாலோ கல்லையே பிரிக்க நேரும். எடுத்த கன்றைக் குப்பையில் எறியாமல், தொட்டியில் சிறிது வளர்த்து, ஐப்பசி மழைக்கு முன், கட்டடங்களுக்கு வேர் எட்டாத திறந்த வெளியில் நடலாம். வளர்ந்த மரத்தை வலம் வருவோர், அடிமரத்தை ஒட்டித் தீபம் ஏற்றாமல் சற்றுத் தள்ளி ஏற்றுவாராக. பட்டை கருகினால் மரம் வாடும்.