முளைப்பு வீதங்களை ஒப்பிட்டறியும் முறை

நெல் விதையை உப்பு நீரிலிட்டு, மிதப்பனவற்றை நீக்கி, அடியில் தங்கியவற்றை நல்ல நீரில் கழுவி விதைப்பதால் முளைப்பு உயருமென்பது விவசாயிகள் பலரும் அறிந்ததே. தம் விதையிலும் அவ்வாறாகுமா என்று தாமே பரீட்சிக்க விரும்புவோர், கிடைத்த வீதங்களை மட்டும் கண்டு தீர்மானித்துவிடலாகாது.

ஒருவர் ஒரே குவியலிலிருந்து, உப்பு நீரில் தெரிந்தெடுத்த விதை 200ம், தெரிந்தெடுக்காத விதை 200ம் எண்ணி, ஈரச் சாக்கில் வைத்தாரெனக் கொள்வோம். முன்னதில் 170ம், பின்னதில் 156ம் முளைத்தன. அதாவது நூற்றுக்கு 85ம் 78ம். இவ்வித்தியாசம் உப்பு நீரால் விளைந்ததா, தற்செயலா? ஒரே மூட்டையில் இருமுறை எடுத்த விதையுங்கூட ஒன்றுபோல் முளைப்பதில்லையன்றோ?

இதனையறிய, வேற்றுமையே இல்லையென முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்ஙனமாயின் 400 விதையும் ஒரே தொகுதியாம். அதில் 326 முளைத்தமையால் பொது வீதம் 81.5; முளையாதது 18.5. இவ்விரண்டையும் பெருக்க வருவது 1507.75. இதனை ஒவ்வொரு பங்கின் விதை எண்ணிக்கையாகிய 200ஆல் தனித்தனியே வகுத்து, ஈவுகளைக் கூட்டினால் ஏறக்குறைய 15.08, அதன் வர்க்கமூலம் 3.88. இதற்குத் திட்டப்பிழை என்று பெயர். வேற்றுமை இல்லாதவிடத்தும், திட்டப்பிழையின் இருமடங்கிற்கு மேற்பட்ட வித்தியாசம் நூறு பரீட்சைகளில் சுமார் ஐந்தில் தற்செயலாகவே தோன்றும். அவ்வளவு அரிதாயினன்றி அதனை உண்மை வேற்றுமையாகக் கொள்வது வழக்கமன்று. ரொனால்ட் பிஷர் 1925ஆம் வருஷத்து நூலில் இவ்வெல்லையை வசதி கருதியே எடுத்துக்கொண்டார். அது தெய்வக் கட்டளையன்று.

நம் உதாரணத்தில் இருமடங்கு 7.76, வித்தியாசமோ 7. ஆகவே தீர்ப்புக் கூற இயலாது. உப்பு நீரால் வேற்றுமையில்லை என்று ருசுவாகிவிட்டதாகவும் பொருளன்று. பங்கிற்கு 400 விதை வைத்து அதே வீதங்கள் வந்திருப்பின், திட்டப்பிழை 2.75 ஆகக் குறையும், இருமடங்கு 5.5. அப்போது 7 என்பது தற்செயலெனத் தள்ளத்தக்கதன்று. விதைப் பரிசோதனை நிலையங்களில் ஒரு மாதிரிக்கு 400 விதை, நூறு நூறாக வைத்து எண்ணப்படுவதைக் கிராம அதிகாரிகள் கண்டிருக்கலாம்.

விதையைக் குவியலின் மேல், நடு, அடி மூன்றிலுமிருந்து எடுத்துக் கலக்க வேண்டும். ஒரு பங்கு அடுப்பண்டையிலும் மற்றொன்று குளிர்ந்த மூலையிலும் இருப்பின் கணக்கனைத்தும் வீண். முளையாத விதை ஒவ்வொரு பங்கிலும் ஐந்துக்குக் குறைவாக எதிர்பார்க்கப்படுமிடத்து இம்முறை பொருந்தாது.

இன்னொன்று: நூறு விதையில் 10 மிதந்து கழிந்தால், எஞ்சிய 90இல் நூற்றுக்கு 85 வீதம் முளைப்பது 76.5 மட்டுமே. கழிக்காதிருந்தாலோ 78. ஆகவே மூட்டைக்கு இத்தனை நாற்று எனக் கணக்கிடுவோர் கழிவையும் சேர்த்தே எண்ண வேண்டும். தெரிந்தெடுப்பதனால் நாற்றின் தொகை பெருகுவதில்லை; பொக்கு நீங்கி, நாற்றங்கால் ஒரு சீராக எழுவதும், விதையளவை முன்கூட்டி நிதானிக்க இயல்வதுமே அதனால் எதிர்பார்க்கத்தக்கன.